மண்டபம் பிடித்துக் கொடுத்தவர்

கேமரன் மலையில் நாங்கள் இருந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை திருவிழா நடக்கும். கடைசி நாள் இரவு கரகாட்டம். கம்பளிச் சட்டையும் தலையில் துண்டுமாக எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, பளபளக்கும் சேலையும் கண்மையும் சலங்கையுமாக ஓர் அண்ணன் ஆட வருவார். பெயர் வேண்டாம். பகலில் தொழிற்சாலையில் தேயிலை மூட்டை தூக்குபவர். அவர் ஆடும்போது தண்டல் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். லயத்துப் பெண்கள் தங்கள் வளையலைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலைப் பிரட்டில் அதே கூட்டம் அவரை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பெயரையும் நான் எழுதப்போவதில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவர் பட்டணத்துக்குப் போய்விட்டார். அந்த வருடத் திருவிழாவில் கரகம் இல்லை. ஏன் என்று பாட்டியிடம் கேட்டேன்.

"அவன் தலையில வச்ச கரகம் ஒருநாளும் சாஞ்சதில்லடா. எறக்கி வச்ச பெறகு நிக்கத்தான் அவனுக்கு எடமில்ல."

இந்தக் கட்டுரை அந்த அண்ணனைப் பற்றியதல்ல. பாங் கீ தேய்க் என்ற மலேசியரைப் பற்றியது. புகைப்படக்காரர், எழுத்தாளர், கலைக்கூடம் நடத்தியவர், தன்னை வெளிப்படையாகத் தற்பாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொண்டவர். கோலாலம்பூரில் பால்புதுமையினர் கூடவும் எழுதவும் பாடவும் ஓர் இடத்தை உண்டாக்கியவர். அந்த இடம் நான்கு வருடம்கூட நிலைக்கவில்லை. ஆனால் மலேசியக் கலை வரலாற்றில் அது நடந்தது. எப்படி நடந்தது, எப்படி நின்றது என்று தேடிக்கொண்டு போனபோது, ஆரம்பத்திலேயே என் ஊர்ப் பெயர் எதிர்ப்பட்டது.

பெட்டியின் மேல் இருந்த பெயர்

1885ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார். பாதை வந்துசேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1929ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, நிற்கவே சிரமமான சரிவுகளில் செடி வைத்து, கொழுந்துக் கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை 1938ல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்கு முன் வந்துசேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அடுத்த அரை நூற்றாண்டு இந்த மலையில் கொழுந்து பறித்தார்கள். என் பாட்டி அவர்களில் ஒருவர். இன்று அதே சரிவுகளில் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் வேலை செய்கிறார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, நாடகம் பார்க்க என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனான் அறைத்தோழன். துண்டறிக்கையில் அந்தக் குழு வாங்கிய விருதுகளைப் போட்டிருந்தார்கள். 'போ கேமரோனியன் கலை விருது' என்றிருந்தது. "என்னடா, ஒங்க ஊர்ப் பேர்ல எல்லாம் விருது இருக்கு?" என்றான். எனக்கே அது செய்தி. கேமரோனியன் என்றால் கேமரன் மலைக்காரர். அந்தக் கணக்கில் என் பாட்டியும் கேமரோனியன்தான். அவர் வாழ்நாளில் பார்த்த நாடகம் எல்லாம் கோயில் வாசலில் நடந்தவை.

அந்த விருதுகள் 2002ல் தொடங்கியவை. நாடகம், நடனம், இசை, இசைநாடகம் என்று மலேசிய மேடைக் கலைஞர்களுக்கு வருடந்தோறும் கொடுக்கப்பட்டவை. பணம் தேயிலை நிறுவனத்துடையது. விருதை உருவாக்கி நடத்தியது 'காக்கி செனி' என்ற இணையத்தளம். மலாயில் 'காக்கி' என்றால் கால். பேச்சுவழக்கில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பந்துப் பைத்தியத்தைக் 'காக்கி போலா' என்பார்கள். காக்கி செனி என்றால் கலைப் பைத்தியம். கேத்தி ரோலண்ட், ஜென்னி டனீல்ஸ் என்ற இரு பெண்கள் 2001ல் ஆரம்பித்த தளம் அது. எந்த ஊரில் என்ன நாடகம், எந்தக் கூடத்தில் என்ன கண்காட்சி என்று அறிவிப்பார்கள். பார்த்துவிட்டு வந்து விமர்சனமும் எழுதுவார்கள். பெரிய நாளிதழ்கள் தொடத் தயங்கிய விஷயங்கள் அங்கே வந்தன.

அந்தத் தளத்துக்குச் சில வருடங்கள் ஆசிரியராக இருந்தவர்தான் பாங் கீ தேய்க்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவர் நடத்திய விழாவுக்கும் தேயிலை நிறுவனத்துக்கும் தொடர்பு கிடையாது. நான் சொல்வது வேறு. 2000களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் நாடகக்காரர்கள், ஓவியர்கள், பாடகர்கள், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டதும், ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துப் பேசியதும் காக்கி செனி மாதிரியான இடங்களில்தான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் பாங். யாருக்கு என்ன வரும், யாருக்கு என்ன தேவை என்பது ஒரு பத்திரிகை ஆசிரியருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவோடுதான் அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

சந்தைக்குப் பின்னால் ஒரு கூடம்

கோலாலம்பூர் செண்ட்ரல் மார்க்கெட் 1888ல் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையாக ஆரம்பித்தது. பிறகு இடிபடாமல் தப்பி, 1980களில் கைவினைப் பொருள் சந்தையாக மாறியது. நம்மவர்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் பாத்தேக் சட்டை வாங்கக் கூட்டிக்கொண்டு போகும் அதே இடம். அதன் பின்கட்டடத்தில் 'தி அனெக்ஸ்' என்ற கலைக்கூடம் இருந்தது. 2007 முதல் 2011 வரை அதன் கலை நிகழ்ச்சி இயக்குநர் பாங்.

'கியூரேட்டர்' என்ற சொல்லைக் கேட்டால் வெள்ளைச் சுவர், அமைதி, கையில் ஒயின் கிளாஸ் என்று ஒரு படம் வருகிறது. எனக்கு அதைப் புரிய வைத்தது எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர். அவர் ஆட மாட்டார், பாட மாட்டார், மேளம் அடிக்க மாட்டார். ஆனால் காவல் நிலையத்தில் பெர்மிட் வாங்குவதும், மைக் செட்டுக்கு முன்பணம் கொடுப்பதும், மழை வந்தால் கூடாரம் போடுவதும், ஆட வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்புவதும் அவர்தான். அவர் ஒரு வருடம் படுத்துவிட்டால் அந்த வருடம் திருவிழா இல்லை. கலைக்கு நடுவில் நிற்காமல் கலை நடக்கும்படி பார்த்துக்கொள்வது ஒரு தனி வேலை. அனெக்ஸில் பாங் செய்தது ஏறக்குறைய அதுதான்.

கண்காட்சி, திரையிடல், நாடகம், உரை, புத்தக வெளியீடு என்று அந்தக் கூடம் ஓயாமல் இயங்கியது. 'ஆர்ட் ஃபார் கிராப்ஸ்' என்று ஒரு கலைச்சந்தை அங்கே நடந்தது. இளம் ஓவியர்களும் சுயமாகப் புத்தகம் போட்டவர்களும் ஒரு மேசையை எடுத்து உட்கார்ந்து தங்கள் வேலையைக் குறைந்த விலைக்கு விற்கலாம். படம் வாங்குவது பணக்காரர்கள் வேலை என்ற எண்ணத்தை அது உடைத்தது. பின்னாளில் வேறு இடங்களுக்கு மாறியும் அந்தச் சந்தை தொடர்ந்தது.

2008 ஆகஸ்டில், அதே கூடத்தில், பாங்கும் சபாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஜெரோம் கூகனும் சேர்ந்து ஒரு விழாவைத் தொடங்கினார்கள். பெயர் 'செக்ஸுவாலிட்டி மெர்டேக்கா'. ஆகஸ்ட் 31 நம் சுதந்திர நாள். நாடு விடுதலை பெற்று 51 வருடம் ஆகியும் தன் உடலைப் பற்றியும் காதலைப் பற்றியும் உண்மை பேசும் விடுதலை எல்லாருக்கும் வந்துவிட்டதா என்ற கேள்வி அந்தப் பெயருக்குள் இருந்தது. உரைகள், பட்டறைகள், படங்கள், பாட்டு, நாடகம். சட்டம் தெரிந்தவர்கள் வந்து, போலீஸ் பிடித்தால் உன் உரிமை என்ன என்று விளக்கினார்கள். வழக்கறிஞர் மன்றமும் 'சுவாராம்' போன்ற மனித உரிமை அமைப்புகளும் துணைக்கு வந்தன. அடுத்தடுத்த வருடங்களிலும் நடந்தது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் முக்கியமானது புத்தகங்கள். 2009ல் பாங்கும் கூகனும் தொகுத்த 'பாடி டு பாடி' என்ற ஆங்கிலத் தொகுப்பு வந்தது. மலேசியப் பால்புதுமையினர் எழுத்தின் தொகுப்பு. அமீர் முகமட்டின் 'மத்தாஹாரி புக்ஸ்' வெளியீடு. அடுத்த வருடமே அதே பதிப்பகத்திலிருந்து மலாயில் 'ஓராங் மாச்சாம் கித்தா' வந்தது. 'நம்மைப் போன்றவர்கள்' என்று பொருள். அஸ்வான் இஸ்மாயிலும் டயானா டிரானியும் தொகுத்தது. ஆங்கிலத் தொகுப்பைக் கோலாலம்பூரின் மேல்தட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியும். மலாயில் வந்த தொகுப்பை அப்படி ஒதுக்க முடியாது.

அஸ்வான் ஒரு பொறியியலாளர், என்னைப் போல. 2010 டிசம்பரில் விழாக் குழுவின் காணொளி வரிசையில் அவர் பேசினார். மலாய்க்காரர், முஸ்லிம், முகத்தை மறைக்காமல் 'சாயா கே, சாயா ஓகே' என்று தலைப்பிட்ட காணொளி. 'நான் தற்பாலீர்ப்பாளர், நான் நன்றாக இருக்கிறேன்', அவ்வளவுதான் அதன் சாரம். கொலை மிரட்டல்கள் வந்தன. மதத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் கண்டித்தார்கள். ஒரு பொறியியலாளர் வாயைத் திறந்ததற்கு ஒரு தேசமே பதில் சொன்ன மாதிரி இருந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பல வருடம் கழித்துத்தான் அந்தக் கதையைப் படித்தேன். படித்துவிட்டு நான் முதலில் யோசித்தது, அவருடைய அலுவலகத்தில் அடுத்த திங்கட்கிழமை எப்படி இருந்திருக்கும் என்பதை.

தடை என்பது இடத்துக்கு

2011ல் விழாவின் தலைப்பு 'அச்சமின்றிப் பால்புதுமை'. நவம்பர் 9 முதல் 13 வரை நடப்பதாக இருந்தது. தொடங்கிவைக்க அம்பிகா சீனிவாசன் ஒப்புக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர். அந்த ஜூலையில்தான் நேர்மையான தேர்தல் கேட்டு 'பெர்சே 2.0' பேரணிக்குத் தலைமை தாங்கியிருந்தார். மூன்று வருடம் பெரிய சத்தமில்லாமல் நடந்த ஒரு விழா திடீரென்று தேசியப் பிரச்சினை ஆனதற்கு இந்தப் பின்னணி முக்கியம். சில மலாய் ஊடகங்கள் இதைக் 'கட்டற்ற பாலுறவு விழா' என்று எழுதின. ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பெர்சேயை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது. கூடத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கம்பாக ஆனார்கள்.

நவம்பர் 3ஆம் தேதி போலீஸ் விழாவைத் தடை செய்தது. பயன்படுத்திய சட்டம் 1967ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 27ஏ பிரிவு. பொது இடம் அல்லாத இடங்களில், அதாவது நான்கு சுவருக்குள், நடக்கும் நிகழ்ச்சிகளை நிறுத்த அப்போது அதிகாரம் தந்த பிரிவு அது. இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விழாவில் வாசிக்கப்பட இருந்த கவிதையையோ பாடப்பட இருந்த பாட்டையோ அந்த உத்தரவு கணக்கில் எடுக்கவில்லை. கூடத்தைத்தான் எடுத்தது. ஒரு சமூகத்தின் கலையை நிறுத்த எழுதுகிறவனின் கையைப் பிடிக்க வேண்டியதில்லை, மண்டபத்தைப் பூட்டினால் போதும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

பாங், அம்பிகா உட்படச் சிலரைப் போலீஸ் அழைத்து விசாரித்தது. அமைப்பாளர்கள் தடையை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2012ல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. விழா பிறகு நடக்கவில்லை. அனெக்ஸில் பாங்கின் காலமும் அந்த வருடத்தோடு முடிந்தது.

தடைக்குப் பின்னால் நின்ற பெரிய சட்டம் ஒன்று உண்டு. தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. மலேசியாவில் அதன் உட்பிரிவுகளின்படி இருபது வருடம் வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். இதை நம் நாட்டுப் பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்கள் அதன் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதில்லை. மெக்காலே தலைமையில் வரைவு தயாராகி, 1860ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்ட பிரிவு அது. 1871ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது, அங்கிருந்து மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. தேயிலைச் செடியையும், அதைப் பறிக்க என் கொள்ளுத்தாத்தாவையும், அவரை அடக்கிவைக்க இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது ஒரே பேரரசு. செடியும் சட்டமும் இன்னும் இருக்கின்றன.

2018

பாங் ஓய்ந்துவிடவில்லை. எழுதினார், பேசினார், மற்றவர்களை எழுத வைத்தார். பின்னாளில் 'குவியர் லாப்பிஸ்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். லாப்பிஸ் என்றால் அடுக்கு. நம் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் பல நிற அடுக்குப் பலகாரமான 'குவே லாப்பிஸ்' நினைவுக்கு வரும். கூடத்தைப் பூட்டியவர்களால் இதைப் பூட்டுவது கொஞ்சம் கடினம்.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. எல்லாம் மாறும் என்று நினைத்தோம். ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ்டவுன் விழாவின் ஒரு புகைப்படக் கண்காட்சியில் நாட்டுக்குப் பங்களித்த மலேசியர்களின் உருவப்படங்கள் வைக்கப்பட்டன. அதில் இரண்டு படங்கள் கழற்றப்பட்டன. ஒன்று திருநங்கை உரிமைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப்புடையது. இன்னொன்று பாங் கீ தேய்க்குடையது. அகற்றச் சொன்னவர் புதிய அரசாங்கத்தின் சமய விவகார அமைச்சர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் படத்தைச் சுவரில் மாட்டிய மனிதர், தன் படம் சுவரிலிருந்து இறங்குவதையும் பார்த்தார்.

அடுத்த மாதம், செப்டம்பர் 3ஆம் தேதி, திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்குச் ஷரியா நீதிமன்றத்தில் பலர் முன்னிலையில் பிரம்படி கொடுக்கப்பட்டது. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 6ஆம் தேதி, இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று 377க்கு வரம்பு கட்டியது. சட்டம் எழுதப்பட்ட நாட்டிலேயே அதன் பல் பிடுங்கப்பட்டது. எங்கள் விடுதியில் அன்று தமிழ்நாட்டு நண்பர்கள் போட்ட பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானவில் படங்களாக வந்துகொண்டிருந்தன. எதற்கும் நான் விருப்பக்குறி போடவில்லை. யாராவது பார்ப்பார்கள் என்ற பயம்.

மூன்றாவது தொகுப்பு

ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று. தமிழில் மூன்றாவது தொகுப்பு வரவில்லை.

இதற்குப் பாங்கைக் குறை சொல்ல முடியாது. அவர் தனக்குத் தெரிந்த மொழிகளில் கதவைத் திறந்தார். தமிழ்க் கதவு நம்முடையது. ஆட்கள் இல்லை என்றும் சொல்ல முடியாது. செளக்கிட்டில் வாழும் தமிழ்த் திருநங்கைகளை நம் எல்லாருக்கும் தெரியும். கோயில் விழாக்களில் அவர்களிடம் ஆசி வாங்குகிறோம். தோட்டத்துக் கூத்துகளில் பெண் வேடம் போட்டவர்களுக்குக் கைதட்டினோம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் காமன் கூத்தில் ரதியாக ஆடுபவர் ஓர் ஆண்தான். கூத்து நடக்கும் நாட்களில் அவரை ரதியாகவே வணங்குவார்கள். ஆடும் வரை இடம் கொடுப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. பாட்டி சொன்னது அதற்குப் பிறகு உள்ள நேரத்தைப் பற்றி.

தமிழால் முடியாது என்பதும் பொய். தமிழ்நாட்டில் ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004ல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007ல் வந்தது. கோலாலம்பூரில் விழா தொடங்கிய அதே 2008ல் கல்கி சுப்ரமணியம் 'சகோதரி' அறக்கட்டளையைத் தொடங்கினார். கல்கி ஓவியர், கவிஞர், நடிகர். அவர் தன் படத்தை வரைவதோடு நிற்கவில்லை. மற்ற திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தூரிகையைக் கொடுத்தார். 'சிவப்புச் சுவர்' என்ற அவருடைய திட்டத்தில், வன்முறைக்கு ஆளானவர்கள் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே தாளில் எழுதி, சிவப்பு மையில் கைரேகை பதித்தார்கள். அந்தத் தாள்கள் சேர்ந்து ஒரு சுவராகின்றன. கல்லூரிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் போகிற சுவர். பாங் கூடத்தைத் திறந்துவிட்டு மக்களை அழைத்தார் என்றால், கல்கி சுவரையே கையோடு எடுத்துக்கொண்டு போனார். 2018ல் 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' சென்னையில் பால்புதுமையினர் இலக்கிய விழாவை ஆரம்பித்தது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' அந்தக் குழுவின் முயற்சியில் அதே வருடம் வந்தது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலில், இவர்களை எந்தச் சொற்களால் மரியாதையாகக் குறிப்பிடலாம் என்று தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. இந்தக் கட்டுரையை நான் வசைச்சொல் எதுவும் இல்லாமல் எழுத முடிவதற்கு இப்படிப் பலருடைய வேலை காரணம்.

ஆக, சொல் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். மலேசியத் தமிழில் இல்லாதது மண்டபம் பிடித்துக் கொடுக்கும் ஒருவர்.

இதை ஏதோ மேலே நின்று சொல்வதாக நினைக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஆசிரியர். ஜூனியர் தம்பி ஒருவன் கதை அனுப்பினான். தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த இரண்டு பையன்கள். ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். பஸ் நிலையத்தில் மற்றவன் அவனுடைய கையைக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. வந்த முப்பத்தாறு கதைகளில் அதுதான் நல்ல கதை. எனக்கு அன்றே தெரியும்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அனுமதிக்கு மேலே போகும்போது கேள்வி வருமே, மலர் மொத்தமும் நின்றுவிடுமே, இத்தனை பேர் உழைப்பு வீணாகுமே என்று நானே நினைத்துக்கொண்டேன். "இடம் பத்தலடா தம்பி, அடுத்த வருஷம் பாப்போம்" என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். "பரவால்லணே" என்றான். அந்த மலரில் கடைசி நான்கு பக்கம் விளம்பரம் கிடைக்காமல் வெறுமையாக வந்தது. அவனும் அதைப் பார்த்திருப்பான்.

27ஏ பிரிவு எனக்குத் தேவைப்படவில்லை. மண்டபத்தின் சாவி என்னிடம்தான் இருந்தது, நானே பூட்டினேன்.

பாங் கீ தேய்க்கின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு பக்கம் நினைவுக்கு வருகிறது. அவர் அசாத்தியமான எதையும் செய்துவிடவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஒரு தளத்துக்கு ஆசிரியராக இருந்தார், கட்டுரைகளை வெளியிட்டார். ஒரு கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தார், கதவைத் திறந்தார். தொகுப்புக்குக் கதைகள் வந்தன, அச்சுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் அவர் கையிலிருந்த அதிகாரம் சின்னதுதான். ஒரு மாணவர் மலர் ஆசிரியருக்கு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். கேள்வி வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வந்தது. விசாரணை, வழக்கு, சுவரிலிருந்து இறங்கிய படம் எல்லாம் வந்தன. இருந்தாலும் அந்தச் சில வருடங்களில் அனெக்ஸ் படியேறியவர்கள் ஆடி முடித்துவிட்டு உடனே ஓட வேண்டியிருக்கவில்லை. உட்கார நாற்காலி இருந்தது.

போன மாதம் பழைய மடிக்கணினியைத் துடைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். மலருக்கு வந்த படைப்புகளின் கோப்புறை அப்படியே இருந்தது. அந்தக் கதையை மறுபடி படித்தேன். அப்போது நல்ல கதை என்று நினைத்தது சரிதான். தேடிப்பிடித்து அவனுக்கு எழுதினேன். இடம் பற்றாமல் போனது என்று சொன்னது பொய் என்றும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது.

"அந்தக் கதை என்கிட்டயே இல்லணே. போன் மாத்தும்போது போயிடுச்சு. அனுப்புங்க."

அனுப்பினேன். இப்போது வெளியிடலாமா என்று கேட்டேன்.

"வெளியிடலாம்ணே. எங்க?"